அரை மணி நேரத்தில் வளர்ந்த மரம்

வகுத்தல் என்ற சொல் காதில் விழுந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடும் என் பிள்ளைகள் இருவருக்கும் விகிதத்தைக் கற்பிப்பதற்காக, பூங்காவில் ஒல்லியாக நெடிது வளர்ந்திருந்த ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஏறாமலேயே அதன் உயரத்தைச் சொல்லிவிடலாம் என்றேன். ஏறக் கூடாது என்பது மட்டுமே அவர்கள் மனத்தில் பதிந்தது.

ஒரு மீட்டர் குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நட்டு, அதன் நிழலையும் மரத்தின் நிழலையும் அளக்க வேண்டும். சூரியக் கதிர்கள் இரண்டின் மீதும் ஒரே கோணத்தில் விழுவதால், குச்சிக்கும் அதன் நிழலுக்கும் உள்ள விகிதமே மரத்துக்கும் பொருந்தும். குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டர். மரத்தின் நிழல் 720. முன்னதால் பின்னதை வகுத்த மகள், மரத்தின் உயரம் 9 மீட்டர் என்று அறிவித்தாள்.

அக்கா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்வது தம்பியின் கொள்கைக்கு விரோதமானது. அரை மணி நேரம் ஊஞ்சலாடிவிட்டு வந்து, நிழலின் நுனியில் உறங்கிக்கொண்டிருந்த நாயை எழுப்பாமல் அளவுநாடாவை நீட்டி, மரத்தின் நிழல் 900 சென்டிமீட்டர் என்று கண்டுபிடித்தான். குச்சிக்குப் பழைய 80-ஐயே வைத்துக்கொண்டு, வகுக்கும் வேலையை மட்டும் பெருந்தன்மையுடன் அக்காவிடம் ஒப்படைத்தான். விடை 11.25 மீட்டர். மரம் இரண்டேகால் மீட்டர் வளர்ந்துவிட்டதாக அவனும், நாடா இழுபட்டுவிட்டதாக அவளும் வாதாடினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் இருவரும் ஒன்றுசேர்ந்து தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள்.

இறுதியில் குச்சியின் நிழலை மீண்டும் அளந்தவள் மகள்தான். இப்போது அது சரியாக ஒரு மீட்டர் இருந்தது. சூரியன் 45 பாகைக்கு இறங்கியிருந்ததால், நிழலும் உயரமும் சமமாகிவிட்டன.

"அப்படியானால் முதலிலேயே இதுவரை காத்திருந்திருக்கலாமே, வகுக்கவே வேண்டியதில்லையே!" என்று தம்பி கொதித்தான். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தேலீஸும், தம் நிழல் தம் உயரத்துக்குச் சமமாகும் வேளை பார்த்தே எகிப்தின் பிரமிடுகளை அளந்தார் எனப் பழைய குறிப்புகள் கூறுவதைச் சொன்னேன். தன்னைப் போலவே வகுத்தலைத் தவிர்க்கும் பெரிய மனிதர் ஒருவர் கிடைத்த மகிழ்ச்சியில், வீட்டுப்பாடத்தையும் மாலை வரை வைத்திருந்தால் இப்படி எளிதாகிவிடுமா என்று கேட்டான்.

"அதைத்தானே நீ தினமும் செய்துபார்க்கிறாய்?" என்றாள் அக்கா.