சிவலை இன்னும் பருவத்துக்கு வரவில்லை

ஜூன் 8

சிவலை கன்று போட்டு மூன்று மாதம் கடந்துவிட்டது. இன்னும் பருவத்துக்கு வரவில்லை. கச்சான் காற்று வீசத் தொடங்கியதிலிருந்து மேய்ச்சல் தரை கருகிக் கிடக்கிறது. காலபோக வைக்கோலும் கொஞ்சம் தவிடும்தான் தீனி. அதைத் தின்றுவிட்டுப் பாலைக் குறைக்காமல் தருகிறது, விலா எலும்பு தெரியத் தெரிய. ஒட்டுசுட்டான் பக்கம் பல வீடுகளில் இதே நிலைதான். பால் காசை நம்பிப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்களுக்கு, சினை பிந்துவது அடுத்த வருடத்து வருமானம் பிந்துவதுதான்.

ஜூன் 10

பெரியம்மா வந்து பார்த்தார். "பிள்ளை, தவிட்டில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்துக் கொடு. உடம்பில் கொழுப்பு இல்லாத மாடு எப்படிச் சினைப்படும்?" என்றார். அவர் கேட்டது நியாயம். எண்ணெயில்தான் எனக்குச் சந்தேகம். தீவனக் கடையில் கொழுப்புத் தூள் இருக்கிறது. விலை மட்டும் கேட்டு வந்தேன்.

ஜூன் 13

மிருக வைத்தியர் வந்தார். கருப்பையில் நோய் எதுவும் இல்லை, சூலகம் உறங்கிக் கிடக்கிறது என்றார். கன்று போட்ட பசு தின்பதைவிடக் கூடுதலாகப் பாலில் இழக்கிறது. அந்தப் பற்றாக்குறை தீரும்வரை உடல் அடுத்த கருவுக்கு இடம் கொடுப்பதில்லை.

எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். மாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது; முதல் வயிற்றில் நாரைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களை எண்ணெய் ஒடுக்கிவிடுமாம்; தேங்காய் எண்ணெய் இன்னும் கடுமையாக. அப்படியானால் வைக்கோலும் வீணாகிவிடும். காய்ந்த எடைக் கணக்கில் மொத்தத் தீனியின் கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார். கடையில் இருக்கும் தூள் கொழுப்பமிலத்தைக் கல்சியத்துடன் சேர்த்துச் செய்தது. பெரும்பகுதி முதல் வயிற்றில் கரையாமல் கடந்து, நான்காம் வயிற்றின் புளிப்பில்தான் பிரிகிறது. மாச்சத்தைவிட இரண்டேகால் மடங்கு சக்தி அதில் உண்டு. இரத்தத்தில் கொலஸ்ட்ரோலும் உயரும்; கருவைத் தாங்கும் புரொஜெஸ்டரோன் சுரப்பதற்கு அதுவே மூலப்பொருள். சூலகத்தில் முட்டைப் பையும் பெரிதாக வளர்கிறது.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ எண்ணெய்ப் போத்தல் சமையலுக்கே இருக்கட்டும்" என்று எழுந்து போனார்.

ஜூன் 15

நேற்று முழுக்க இதையே வாசித்தேன். கொழுப்பு எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. எள்ளு, சூரியகாந்தி போன்றவற்றில் உள்ள ஒமேகா 6 வகைக் கொழுப்பமிலம், உடலில் புரொஸ்டகிளண்டின் என்ற சுரப்பு உண்டாக உதவுகிறது. கன்று போட்ட கையோடு கருப்பை சுருங்க அது தேவை. சினைப்படுத்திய பிறகு நிலைமை மாறுகிறது. ஏறத்தாழ 16ஆம் நாளில், தான் இருப்பதைக் கரு தாய்க்கு உணர்த்த வேண்டும். அப்போது புரொஸ்டகிளண்டின் மிகுந்தால் கரு நிலைக்காமல் போய்விடும். மீன் எண்ணெயிலும் ஆளிவிதையிலும் உள்ள ஒமேகா 3 அதைத் தணிக்கிறது. ஆனால் காப்பில்லாமல் கொடுத்தால் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியை வேறு கொழுப்பாக மாற்றிவிடும்.

பச்சைப் புல்லின் கொழுப்பிலும் அதிகம் இருப்பது ஒமேகா 3 வகைதான். காய்ந்து வைக்கோலானால் அது மிக நலிந்துவிடும். முத்தையன்கட்டு வாய்க்கால் கரையில் இன்னும் பச்சை இருக்கிறது. இனித் தினமும் அங்கே அரிவாளோடு போகிறேன். வேலியில் இப்பில் இப்பில் மரத்தின் தழையும் உண்டு.

ஜூன் 29

தூளும் வாங்கினேன். பால் கூடியிருக்கிறது. சந்தோஷப்பட முடியவில்லை, கொடுத்த சக்தியெல்லாம் மடியில் இறங்கினால் உடம்பு எப்படித் தேறும்? ஆய்வுகளும் ஒரே பக்கம் பேசவில்லை: சில பண்ணைகளில் சினை கூடியது, சிலவற்றில் மாற்றமே இல்லை. அரைவயிற்று மாட்டுக்குத் தூளை மட்டும் விற்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். முதலில் வயிறு நிறையப் புல், புண்ணாக்கு, தாது உப்பு, தண்ணீர். தூள் அதற்குப் பிறகு.

ஜூலை 21

விடியற்காலையில் கத்தத் தொடங்கியது. கண்ணாடிபோல் தெளிந்த கோழை. பக்கத்து மாட்டின் மேல் தாவவும் பார்த்தது. காலையில் கண்டால் மாலையில் ஊசி என்பது முறை. மாலையில் வந்து செயற்கை முறையில் சினைப்படுத்தினார்கள். தூளா, புல்லா, உப்பா என்று பிரித்துச் சொல்ல ஒரு மாடு போதாது.

21 நாள் கழித்து மறுபடி கத்துகிறதா என்று பார்க்க வேண்டும்; கத்தினால் சினை நிற்கவில்லை. பெரியம்மாவின் கறுப்பி அடுத்த மாதம் கன்று போடும். மெலிந்துதான் நிற்கிறது. கன்று விழும்வரை காத்திராமல் நாளையிலிருந்தே அதற்கும் ஒரு கட்டுப் புல் சேர்த்து அறுக்கப் போகிறேன்.