தொட்டித் தவளைக்குத் தீனி

ஆபிரிக்கக் குள்ளத் தவளை வளர்க்கிறவங்க கவனிங்க. மேலால மீன்தீனி தூவிவிட்டால் இதுக்குச் சரிவராது. கண்பார்வை குறைவு, மணத்தை வைத்துத்தான் தேடும். அது தேடி வர முன்னம் தொட்டியில கூட இருக்கிற மீனெல்லாம் தின்று முடிச்சிடும். பிறகு தவளை மெலிஞ்சு பட்டினியால செத்துப்போகும், பாவம்.

உறைந்த இரத்தப்புழுவைச் சின்னக் கிண்ணத்தில் தொட்டித் தண்ணி விட்டு உருகவைங்க. சாவணத்தால அதன் மூக்குக்கு முன்னால நீட்டுங்க. இல்லாட்டி ஒரு மண் சிட்டியை அடியில் வைத்து, எப்பவும் அதிலேயே போடுங்க, இடம் பழகிடும். வளர்ந்த தவளைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும், 15 நிமிசத்தில் முடிக்கிற அளவு. மிச்சத்தை உடனே எடுத்திடணும். நம்ம வெக்கைக்கு அது கெதியா அழுகி, தண்ணியில அமோனியா எண்ட நஞ்சு கூடிடும். இரத்தப்புழுவோட டாப்னியா, ஆர்ட்டீமியா எண்ட கூனி மாதிரிக் குட்டி நீருயிர்களையும் மாத்தி மாத்திக் கொடுங்க. நுளம்புக் குடம்பியும் நல்ல தீனிதான். ஆனா டெங்கு உள்ள இடத்தில் அதுக்காகத் தண்ணி தேக்கவே வேணாம்.

மட்டக்களப்பில கல்லடி, காத்தான்குடிப் பக்கம் கடலோரக் கிணத்துத் தண்ணி உவர்ப்பாக இருந்தால் ஊத்தாதீங்க. தோலாலேயே தண்ணி உறிஞ்சுற உயிர் இது. குழாய்த் தண்ணிக்குக் குளோரின் நீக்கி கட்டாயம். ஆழம் 30 சென்ரிமீற்றருக்குள்ள இருக்கட்டும், நுரையீரலால மூச்சு விடுறதால அடிக்கடி மேல வரணும். வெப்பம் 24–27 பாகை. சித்திரை வெயிலில் தொட்டியை யன்னலோரம் வைக்காதீங்க; மூடிக்குப் பதிலா வலை போடுங்க, பாய்ஞ்சு வெளியேறினால் காய்ஞ்சு செத்திடும்.

வளர்க்க ஏலாட்டி வாவியிலோ குளத்திலோ விடாம, வளர்க்கிற வேற ஆளுக்குக் கொடுங்க.