டொம்கட் 9, டொம்கட் 10, நடுவில் நெடுந்தீவுப் படகு

யாழ்ப்பாணத் தீவகத்தில் அங்கத்தவர் விபரம் சேகரிக்கும் ஒரு சங்கத்துக்கு, போனின் பிரவுசரிலேயே ஓடும் வலைச்செயலி ஒன்று செய்து கொடுத்தேன். ஜாவாவில் வலைத்திரைகள் கட்ட ஜேஎஸ்எஃப், அதற்கு ஆயத்தமான பெட்டி, பொத்தான்கள் தரும் பிரைம்ஃபேசஸ், செயலியை ஓட்டும் சேர்வராக டொம்கட். இப்போதுதான் மூச்சு விட முடிகிறது.

திரைகளைப் போனுக்கு ஏற்றபடி அமைப்பதில் சிக்கல் இல்லை. பக்கத்தைப் போன் திரையின் அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் டேக் போட்டேன், பெட்டிகளின் எழுத்தளவை 16 பிக்செலுக்குக் குறையாமல் வைத்தேன் (குறைந்தால், தொட்டதும் ஐபோன் திரையைப் பெருப்பித்துவிடும்). பழைய பாடங்கள் போனுக்கென்று இருந்த பிரைம்ஃபேசஸ் மொபைலைக் காட்டும், அந்தப் பக்கம் போகாதீர்கள். அதற்கு அடியில் இருந்த ஜேகுவெரி மொபைல் நூலகமே 2021 இல் கைவிடப்பட்டுவிட்டது.

வில்லங்கம் ஹோஸ்டிங்கில். "ஜாவா சப்போர்ட் இருக்கு" என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். என் மடிக்கணினியில் டொம்கட் 10, அவர்களிடம் 9. எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் 10 இல், சேர்வ்லெட்டுகளுக்கான (சேர்வரில் கோரிக்கைகளைக் கையாளும் ஜாவா நிரல்கள்) ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பெயர்கள் எல்லாம் ஜக்கார்த்தா ஆகிவிட்டன. செயலியைக் கட்டிவைத்த வார் கோப்பை ஏற்றியதும், ஜக்கார்த்தா சேர்வ்லெட்டைக் காணவில்லை என்று லொக் (சேர்வரின் பதிவேடு) கத்தியது. 10 போட்டுத் தாருங்கள் என்று கேட்டால், "உங்கட அப்ளிகேஷன்லதான் பிழை" என்றார்கள். லொக்கைப் படம் பிடித்து அனுப்பினேன். வேறொருவர் வந்து அதே பதிலை ஒட்டிவிட்டுப் போனார். காசு கட்ட முன்னரே பதிப்பு எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மறுவளமாகச் சிக்கினால் இவ்வளவு பாடு இல்லை. பழைய செயலியை டொம்கட் 10 இன் வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ கோப்புறையில் போட்டால் அதுவே மாற்றிக்கொள்ளும். எனக்கு அந்த வழி இல்லை. நிரல் நூலகங்கள், இம்போர்ட்டுகள் எல்லாவற்றையும் பழைய ஜாவாஎக்ஸ் பெயர்களுக்கே திருப்பினேன்.

சரி, ஓடியது. ஊர்ப்பெயருக்கு "நெடுந்தீவு" என்று தட்டிச் சேமித்தால், திரையில் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், திரும்ப ஏ, திரும்ப ஆர். டொம்கட் 10 தன் பொது வெப்.எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பிலேயே, வரும் எழுத்துகளை யுடிஎஃப்-8 (தமிழையும் தாங்கும் எழுத்துக் குறிமுறை) ஆகப் படி என்று சொல்லிவைத்திருக்கிறது. 9 இல் அந்த வரி இல்லை. முன்பு ஒருவர் எழுதி வைத்திருந்த லொகின் ஃபில்டர் (வரும் கோரிக்கைகளை முதலில் சோதிக்கும் நிரல்), ஜேஎஸ்எஃப் எழும்ப முன்னரே படிவத்தைத் திறந்து படித்துவிடுகிறது. ஒருமுறை படித்தாகிவிட்டால் அப்புறம் என்கோடிங்கை (அந்தக் குறிமுறையை) மாற்ற வழியில்லை. நம்முடைய வெப்.எக்ஸ்எம்எல்லில் ரிக்வெஸ்ட்-கரக்டர்-என்கோடிங் என்ற ஒற்றை வரியைச் சேர்த்ததும் தமிழ் தமிழாக வந்தது. அன்று இரவு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிறகு களத்துக்குப் போன பெடியனிடம் இருந்து அழைப்பு: "அண்ணை, துறையில இறங்கி அமத்தினா எல்லாம் அழிஞ்சு போகுது." நெடுந்தீவில் படிவத்தை நிரப்புகிறார்கள். சிக்னல் இல்லை. போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு படகு ஏறுகிறார்கள். குறிகட்டுவான் துறைக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம். டொம்கட்டின் செஷனோ (பயனரைச் சேர்வர் நினைவில் வைத்திருக்கும் காலம்) 30 நிமிடத்தில் காலாவதி. பக்கத்தின் நிலையை ஜேஎஸ்எஃப் வழமையாகச் சேர்வரில்தான் வைத்திருக்கும், செஷனோடு அதுவும் போய்விடும். மிஞ்சுவது, பக்கம் காலாவதி என்று சொல்லும் வியூ எக்ஸ்பயர்ட் பிழை மட்டும்.

செஷன் நேரத்தைக் கூட்டுவது பாதி வைத்தியம்தான், படகு எப்போதும் நேரத்துக்கு வருமா? படிவப் பக்கத்தை டிரான்சியண்ட் ஆக்கினேன், அதாவது அதன் நிலை சேர்வரில் தங்காது (பக்கம் திறந்திருக்கும் வரை சேர்வரில் தரவைத் தாங்கும் வியூஸ்கோப் பீன் வைத்திருந்தால் இது சரிவராது). தட்டும் ஒவ்வொரு எழுத்தும் போனின் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் லோக்கல் ஸ்டோரேஜ் சேமிப்புக்குப் போகும். சேர்வர் "கிடைத்தது" என்று சொன்ன பிறகுதான் அழியும். திரும்ப லொகின் கேட்டாலும் எழுதியது அப்படியே இருக்கும்.

இருப்பிடம் எடுக்கும் பொத்தான் வைப்பவர்கள் கவனிக்க: மடிக்கணினியிலேயே லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியில் திறந்தால் வேலை செய்யும். அதே வைஃபையில் போனில் இருந்து மடிக்கணினியின் ஐபி முகவரிக்குப் போய்ப் பார்த்தால், எச்டிடிபிஎஸ் இல்லாவிட்டால் பிரவுசர் அனுமதிக்காது. எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழை முதலிலேயே போட்டுவிடுங்கள்.