சுங்கான்கடையில் 2 கோர்

"ரெண்டு கோர் போதும்ணே. உங்க பாக்ஸும் எங்க பாக்ஸும் ஒரே போஸ்ட்லதான் தொங்குது. சுருட்டி வச்சிருக்க லூப்லயே எட்டிரும்."

சுங்கான்கடை டீக்கடையில் வைத்துப் போட்டிக் கம்பெனித் தம்பி கேட்டான். எங்களுடையதும் அவனுடையதும் இன்டர்நெட் கம்பெனிகள். கோர் என்றால் கேபிளுக்குள் இருக்கும் ஃபைபர் இழை. அதில் இரண்டை வைத்து இரண்டு நெட்வொர்க்கையும் இங்கேயே நேராக இணைத்துவிடலாம் என்றான். நான் சொன்ன பதிலில் பிழை கிடையாது. "சென்னை நிக்சியில நாம பியரிங்லதானே இருக்கோம், பிறகெதுக்கு தம்பி?"

உண்மைதான். நிக்சி என்பது இன்டர்நெட் கம்பெனிகள் தங்களுக்குள் டேட்டாவை மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச், அப்படி நேராக மாற்றிக்கொள்வதுதான் பியரிங். அங்கே ஒரே சுவிட்சில் இரண்டு பேரும் செருகியிருக்கிறோம். நம் ரூட் அவர்களுக்குப் போகும், அவர்கள் ரூட் நமக்கு வரும். 700 கிலோமீட்டர் மேலே போய் 700 கீழே வந்தாலும் ஒளிக்கு அது 7 மில்லிசெகண்ட். பதில் திரும்ப இன்னொரு 7. யூடியூப் பார்க்கிறவருக்கு அது தெரியப்போவதில்லை. உள்ளூர் டிராஃபிக் எங்களிடம் ரொம்பக் குறைவு. அதற்காக முதலாளியிடம் போய் நிற்க வேண்டுமா என்று நினைத்தேன்.

வில்லுக்குறியில் எங்கள் கஸ்டமர்களை அவர்கள் இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அதுவும் மனதில் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

நாலு மாதம் கழித்து, திருநெல்வேலிக்கு அந்தப் பக்கம் ரோடு வேலையில் ஜேசிபி எங்கள் லைனை அறுத்தது. பேக்கப்பும் அதே குழிக்குள். தக்கலையில் ஒரு ஸ்கேன் சென்டர் எங்கள் லைன். படம் பார்க்கிற டாக்டரின் ஆஸ்பத்திரி நாகர்கோவிலில், அவர்கள் லைன். சர்வர் அந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு முனையிலும் கரண்ட் இருந்தது, ஃபைபர் இருந்தது. நடுவில் சென்னை இல்லை. சென்டர் பையன் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மழையில் பைக்கில் போனான். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால்தான் இதை எழுத முடிகிறது.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான்தான் கதை சொல்வேன்: 2003-இல் நிக்சி வருவதற்கு முன்பு ஒரே ஊரில் இரண்டு கம்பெனிக்கு இடையே போகும் டேட்டாகூட வெளிநாடு சுற்றி வரும், அதைத் தடுக்கத்தான் எக்ஸ்சேஞ்ச், முதல் நாலு இடங்களில் சென்னையும் ஒன்று என்று. பெருமையாகச் சொல்வேன். அந்தத் தம்பி கேட்டதும் அதையேதான்.

முதலாளி எப்படியும் சம்மதித்திருக்க மாட்டார் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்கவே இல்லையே.

போன வாரம் அந்தப் போஸ்டில் ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைஸ் வேலை. எங்கள் பாக்ஸைத் திறந்து எண்ணினேன். 24 கோரில் 9 சும்மா கிடக்கிறது. தம்பியின் நம்பர் என் போனில் இருக்கிறது.