நத்தாருக்கு லவ் கேக்

ரவை 250 கிராம், பட்டர் 250, சீனி 500, கஜு 250, நீற்றுப்பூசணித் தோசி (சீனிப்பாகில் இட்ட பூசணித் துண்டுகள்) 200, மஞ்சள் கரு 10, வெள்ளைக் கரு 5. பன்னீரும் தேனும் இரண்டிரண்டு மேசைக்கரண்டி. ஏலக்காய், சாதிக்காய், தேசிக்காய்த் தோல் துருவல் கொஞ்சம். கஜுவைக் கொழும்பு புறக்கோட்டைக் கடைகளில் உடைந்ததாகவே வாங்கலாம், எப்படியும் நறுக்கத்தானே போகிறோம். ஆனால் அரைத்துவிடாதீர்கள், எண்ணெய் கக்கி கேக் கனத்துப்போகும், கடிபடவும் எதுவும் இராது.

ரவையைத் தாச்சியில் நிறம் மாறாமல் வறுத்து, சூட்டோடு பட்டரில் கலந்து 2 மணி நேரம் ஊறவிடுங்கள். இதைத் தவிர்த்தால் கேக் நறநறக்கும். மஞ்சள் கருவையும் சீனியையும் வெளிறித் தடிக்கும்வரை அடித்து, ரவையையும் மற்றவற்றையும் சேருங்கள். நுரைக்க அடித்த வெள்ளைக் கரு கடைசியில், மெதுவாக.

25 சென்ரிமீற்றர் சதுரத் தட்டு. அடியில் பத்திரிகைத்தாள் மூன்று மடிப்பு, மேலே பட்டர் பூசிய ஒயில் பேப்பர். இல்லாவிட்டால் அடி கருகும். 150 பாகை செல்சியஸில் ஒன்றேகால் மணி நேரமளவு. மேல் சீக்கிரம் சிவந்தால் ஃபொயிலால் மூடுங்கள். குத்திப் பார்க்கும் ஈர்க்கு சுத்தமாக வரும்வரை காத்திருக்கவே வேண்டாம்: நடு ஈரமாக இருப்பதுதான் லவ் கேக். சூட்டில் வெட்டினால் உதிரும், மறுநாள் வெட்டுங்கள்.