பனிக்கு மேலே தெரியும் பாறைக்குப் பெயர் வைப்பது எப்படி

கிரானுக்கு மேற்கே காட்டுக்குள் நிற்கும் குடும்பிமலையைக் கழுத்தளவுக்குப் பனிக்கட்டி மூடிவிட்டதாக எண்ணிப் பாருங்கள். வெளியே தெரியும் மிச்சப் பாறைதான் நுனாட்டக். சொல் கிறீன்லாந்து மக்களுடையது. அந்தாட்டிக்காவிலும் அதுவே வழங்குகிறது. அங்குள்ள பாறைகள் எமக்கு அந்நியமும் அல்ல. இன்றைய கண்டங்கள் பல ஒன்றாயிருந்த பழைய கொண்டுவானா பெருநிலத்தில் இலங்கை கிழக்கு அந்தாட்டிக்காவை ஒட்டிக் கிடந்தது. மட்டக்களப்பு, அம்பாறை மண்ணுக்கு அடியிலுள்ள விஜயன் தொகுதிப் பாறைகளுக்கு இணையானவற்றைப் புவிச்சரிதவியலாளர் அங்கே தேடுவது இதனால்தான்.

அந்தாட்டிக்காவில் பனி மூடாத பாறை 0.18 சதவீதம் மட்டுமே என்று லான்ட்சாட் 8 செய்மதிப் படங்களைக் கொண்டு 2016இல் கணக்கிட்டார்கள். முந்திய மதிப்பீடுகள் ஏறக்குறைய இதன் இருமடங்கு. குழப்பியது நிழல்: பனி மூடிய சாய்வில் விழும் நிழலும் படத்தில் பாறைபோலக் கறுப்பாகவே தெரியும். சந்தேகமான திட்டு என்றால், சூரியன் வேறு கோணத்தில் நின்றபோது எடுத்த இன்னொரு படத்தோடு ஒப்பிடுங்கள். வடிவமோ நீளமோ மாறினால் அது நிழல்.

பெயரிடுவதில் அதிகம் பிழையாவது ஆள்கூறு, அதாவது இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும். 1946–47இல் அமெரிக்காவின் ஹைஜம்ப் நடவடிக்கை விமானத்திலிருந்து பல்லாயிரம் படங்களை எடுத்தது. நிலத்தில் அளந்த புள்ளிகள் போதாமையால் அவற்றில் தெரிந்த பல சிகரங்களை வரைபடத்தில் சரியான இடத்தில் குறிக்க முடியவில்லை. அடுத்த பருவத்திலேயே விண்ட்மில் நடவடிக்கை ஹெலிகொப்டர்களோடு போய், தரையில் இறங்கிப் புள்ளிகளை அளக்க வேண்டியதாயிற்று. இடம் உறுதியாகாத பாறைக்கு எவ்வளவு அழகான பெயர் வைத்தும் பயனில்லை.

அந்தாட்டிக்காவில் எல்லோருக்கும் பொதுவான ஓர் அரசு இல்லை. பெயரிடும் குழுவும் நாட்டுக்கு நாடு வேறு. பிரித்தானியாவின் குழு 1945இலும் பல்கேரியாவினது 1994இலும் அமைந்தன. எல்லாக் குழுக்களின் பெயர்களும் ஒரே பன்னாட்டுப் பெயர்த்திரட்டில் சேர்கின்றன. முன்மொழிபவர் ஆள்கூறு, வரைபடம் அல்லது படம், பெயருக்கான காரணம் மூன்றையும் கொடுக்க வேண்டும். வளர்ப்பு நாய், விற்பனைப் பொருள், பணம் தந்து அதை வைத்து விளம்பர ஆதாயம் தேடியவர் ஆகியோரின் பெயர்களை அமெரிக்க விதிகள் ஏற்பதில்லை. இது நல்ல விதி. மலைத்தொடருக்கு ஒருவர் பெயரை வைக்க அவரது பங்களிப்பு பெரியதாக இருக்க வேண்டும். நுனாட்டக் போன்ற சிறியவை களத்தில் உழைத்தவர்களுக்குக் கிடைக்கும்.

பெயர்த்திரட்டில் தேடும்போது பெயரால் அல்ல, ஆள்கூறால் தேடுங்கள். குடும்பிமலையே தொப்பிகல என்றும், ஆங்கிலேயர் காலத்தில் பேரன்ஸ் கப் என்றும் வழங்கியது. அந்தாட்டிக்காவின் கிங் ஜோர்ஜ் தீவும் அப்படித்தான்: ஆர்ஜென்டீனாவுக்கு அது 'மே 25', ரஷ்யாவுக்கு வாட்டர்லூ. பெயரால் தேடினால் ஏற்கெனவே பெயருள்ள பாறைக்கே இன்னொன்றை முன்மொழிந்துவிடுவீர்கள்.