பெயின்ற் பட்ட பதினொரு ஸ்பிரிங்ளர்

புறக்கோட்டையில் நான் பொறுப்பாக இருக்கும் துணிக் களஞ்சியத்துக்கு ஃபயர் சர்டிபிகேட் ஒருவழியாகப் புதுப்பித்தாகிவிட்டது. ஆனால் முதல் பரிசோதனையில் தவறிவிட்டோம். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

புத்தாண்டுக்கு முன் மேல்மாடிக்குப் பெயின்ற் அடித்தோம். வேலைக்கு வந்தவர்கள் சீலிங்கோடு சேர்த்து ஸ்பிரிங்ளர்கள், அதாவது தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவிகள், மேலும் ரோலரை ஓட்டிவிட்டார்கள். நானும் அண்ணாந்து பார்க்கவில்லை. பரிசோதிக்க வந்த அதிகாரி என்னை ஏணியில் ஏற்றி, டோர்ச் அடித்துக் காட்டினார். சுண்டுவிரலைவிட மெல்லிய கண்ணாடிக் குமிழ், உள்ளே சிவப்புத் திரவம். 68 பாகை செல்சியஸில் திரவம் விரிந்து கண்ணாடியை உடைத்தால்தான் தண்ணீர் பாயும். அந்தச் சிவப்பே தெரியாதபடி வெள்ளை உறைந்திருந்தது. பெயின்ற் இருந்தால் சூடு உள்ளே போகத் தாமதமாகும், மூடி ஒட்டிக்கொண்டு திறக்காமலும் போகலாம். எண்ணினால் பதினொன்று.

பராமரிப்பு ஒப்பந்தக்காரருக்குப் போன் எடுத்தேன். "தின்னர் போட்டுத் துடைச்சா சரி" என்றார்கள். நம்பிவிடாதீர்கள். பெயின்ற் பட்டதைச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும் என்பது என்எஃப்பிஏ 25 என்ற அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரநிலையின் விதி. புதியதும் அதே வெப்ப அளவு, எவ்வளவு தண்ணீர் பாயும் என்பதைக் குறிக்கும் அதே கே எண்ணாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஒப்பந்தக்காரர்கள் தர வேண்டிய போன வருடச் சோதனை அறிக்கை. அதற்காக அரைநாள் மினக்கெட்டு அவர்கள் கந்தோருக்குப் போனால், கையெழுத்துப் போடுபவர் இல்லை என்றார் கிளாக்கர். இரண்டாம் முறை கிடைத்தது. வடிகால் வால்வைத் திறந்து தண்ணீர் அழுத்தம் பார்க்கும் பிரதான வடிகால் சோதனைக்கு நேரே 'சரி' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த வால்வு மூடியிருக்கும்போது எவ்வளவு அழுத்தம், முழுதாகத் திறந்தபோது எவ்வளவு என்ற இரண்டு எண்ணும் இல்லாவிட்டால் அடுத்த வருடம் எதோடு ஒப்பிடுவது? எழுத வைத்துத்தான் வெளியே வந்தேன்.

போதாக்குறைக்கு, குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்றை அடைத்து வைக்கும் உலர்குழாய் முறைக்கு மாறச் சொன்னார் அங்கிருந்த விற்பனையாளர். அது குழாய்த் தண்ணீர் உறையும் இடங்களுக்கு, குளிர்க் களஞ்சியங்களுக்கு. கொழும்பு வெக்கையில் துணிக் களஞ்சியத்துக்கு எப்போதும் தண்ணீர் நிரம்பிய குழாயே போதும். கணினி சேர்வர் அறை இருந்தால், தீ உணர்கருவி சொன்ன பிறகே குழாய்க்குள் தண்ணீர் விடும் ப்ரீ-ஆக்ஷன் முறை பற்றி யோசிக்கலாம்.

பதினொன்றையும் ஒரே நாளில் மாற்றினார்கள். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்ளர்களுக்குத் தண்ணீர் விடும் பிரதான வால்வை முழுதாகத் திறந்து பூட்டுப் போட்டதை என் கண்ணால் பார்த்த பிறகே அவர்களை அனுப்பினேன். அது மூடிக் கிடந்தால் மற்றதெல்லாம் வீண். துணி றோல்களையும் ஸ்பிரிங்ளருக்கு 18 அங்குலம் கீழே இறக்கினோம். உதிரிப் பெட்டியில் இரண்டு ஸ்பிரிங்ளர்தான் இருந்தன, இப்போது ஆறு. 300 ஸ்பிரிங்ளருக்குக் குறைந்த கட்டடத்துக்கு அதுதான் குறைந்தபட்சம்.

இரண்டாம் பரிசோதனையில், ஒரு ஸ்பிரிங்ளர் திறந்ததுபோல் தண்ணீரை ஓடவிடும் சோதனை வால்வைத் திறந்ததும், ஒரு நிமிடத்துக்குள் மணி அடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன வாரம் கீழ்மாடிக்குப் பெயின்ற். ஒவ்வொரு ஸ்பிரிங்ளருக்கும் சிறு பொலித்தீன் பை, எண்ணிக் கட்டினோம். அன்று மாலையே எண்ணிக் கழற்றினோம்.